இறங்கிய பேட்டரியில் ஓர் ஒப்பாரி

சிவப்புப் பட்டனையும் அதற்குப் பக்கத்துப் பட்டனையும் இரண்டு விரலால் ஒரே நேரத்தில் அமுக்கினால் 'கடக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு இஸ்தோப்பில் இருக்கிற எவரும் இருமக் கூடாது, மூக்கை உறிஞ்சக் கூடாது, கோழியைக்கூட விரட்டக் கூடாது என்பது பன்னிரண்டு வயதில் நான் போட்ட சட்டம். இஸ்தோப்பு என்று நாங்கள் சொல்வது லயத்துக் காம்பராவின், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் எங்கள் அறையின் முன்னால், தகரக் கூரை சரிந்து இறங்கும் இடத்தில் இருக்கிற ஒரு பாய் அகலத் தரையை. அங்கே ஒரு சாக்கை விரித்து, அதன் மேல் டேப் ரெக்கோடரை வைத்து, நான் பெரிய துரைக்குரிய மிடுக்கோடு உட்கார்ந்திருப்பேன். என் சட்டத்தைக் கோழிகள் ஒரு நாளும் மதித்ததில்லை. அந்தக் காலத்தில் நான் பிடித்த பாட்டுகளில் பாதிக்கு மேல் நடுவில் ஒரு கொக்கரிப்பு இருக்கும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் நோர்வூட்டுக்கு மேலே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஏறுகிற தூரத்தில் இருந்தது. அப்பாவுக்குச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை, அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. கொழும்பில் ரேடியோ திருத்தும் கடையொன்றில் வேலை செய்த சித்தப்பா, எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தீபாவளிக்கு வந்தபோது அந்த டேப்பைக் கொண்டுவந்தார். யாரோ திருத்தக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத டேப் அது. தட்டையாக, கறுப்பாக, ஒரு பக்கம் பிடியும் மறுபக்கம் ஐந்து பட்டன்களும் கொண்டது. ஒரு மூலையில் உடைந்த இடத்தைச் சித்தப்பா ஈயம் காய்ச்சும் கருவியாலேயே உருக்கி ஒட்டியிருந்தார். "செவப்பத் தொட்டா பழசு போயிரும் புள்ள, யோசிச்சுத் தொடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். யோசிப்பதா? அடுத்த இரண்டு நாளும் நான் அந்தச் சிவப்பைத் தவிர வேறொன்றையும் தொடவில்லை.

முதலில் பிடித்தது என் குரலைத்தான். என் பெயரையும் வகுப்பையும் சொல்லிவிட்டுத் திருப்பிப் போட்டால், மூக்கடைத்த யாரோ ஒருத்தி என் பெயரைச் சொன்னாள். "இது நான் இல்ல" என்று அழ ஆரம்பித்துவிட்டேன். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நீதாண்டி செல்வி. நாங்க தெனமும் கேக்கறது இந்தக் கொரலத்தான்" என்றார். அன்று தொடங்கிய பைத்தியம் இன்று வரை தெளியவில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கு ஆட்களைக் கூப்பிடும் தப்புச் சத்தம், தகரத்தில் மழை தொடங்கும் முதல் துளிகள், கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் கணக்கப்பிள்ளையிடம் போடும் சண்டை, பக்கத்துக் காம்பரா லெச்சுமி அக்கா தன் பிள்ளையைத் திட்டும் திட்டு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. லெச்சுமி அக்காவுக்குத் தன் திட்டைக் கேட்பதில் தனிச் சந்தோஷம். விருந்தாட்கள் வந்தால் "அடியே டேப்புக்காரி, அதப் போடுடி" என்று கூப்பிடுவார்.

ஆனால் அந்த டேப் எங்கள் வீட்டில் தங்கியதற்கு என் பைத்தியம் காரணமல்ல, மாமாதான் காரணம். மாமா, அம்மாவின் ஒரே அண்ணன். எழுபதுகளில் தோட்டங்களில் மாவுக்கும் அரிசிக்கும் ஆலாய்ப் பறந்த பஞ்சத்துக்குப் பிறகு, இந்தியப் பிரஜையாக எழுதிக்கொண்டவர்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பல் ஏறியபோது அவரும் அத்தையும் பிள்ளைகளும் போய்விட்டார்கள். ஹட்டன் ஸ்டேசனிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் 'அழுகைக் கோச்சி'. அம்மா அந்தக் கோச்சியின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தின் கடைசி வரை ஓடியதாகச் சொல்வார்கள். நான் அப்போது அம்மாவின் இடுப்பில் இருந்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் நினைவில்லை.

மாமா கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் குடியிருந்த வரிசையில் கரண்ட் இருந்தது, பக்கத்து வீட்டில் ஒரு டேப்பும் இருந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் எங்கள் வீட்டு டேப் கடுதாசியாகிவிட்டது. அந்தப் பக்கம் போகிற யார் கையிலாவது கசட்டைக் கொடுத்தனுப்புவோம். வருகிற யார் கையிலாவது மறு கசட் வரும்.

அம்மா கசட்டில் பேசுவதைப் பார்க்க வேண்டுமே! "அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை இருக்க வேண்டும் என்பதுபோல் டேப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நாடா ஓடிக்கொண்டிருக்கும். நான் கையை ஆட்டி ஆட்டி "பேசுங்க, பேசுங்க" என்று சாடை காட்டுவேன். "இருடி, அண்ணன் பேசட்டும்" என்பார். அதுவும் கசட்டில் பதிந்து போகும். மாமாவின் கசட்டும் அப்படித்தான். அவர் வேண்டுமென்றே இடைவெளி விட்டு, "என்ன பாக்கியம், சத்தத்தக் காணோம்? மச்சான் இன்னும் ஒன்னப் பேச விடுறதில்லையா?" என்று கேட்டுத் தானே கடகடவென்று சிரிப்பார். அப்பாவுக்கு அந்த இடம் வந்தால் முகம் சிவக்கும். ஆனாலும் அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொல்கிற ஆளும் அப்பாதான்.

லயத்தில் அப்போது கரண்ட் இல்லை. டேப்புக்கு நான்கு பெரிய பேட்டரி வேண்டும். புதுப் பேட்டரி போடும்போதெல்லாம் அப்பா என்னை நிற்க வைத்து, "இது மாமாகிட்ட பேசறதுக்கு மட்டும். பாட்டுக் கீட்டுன்னு வெளாண்டா டேப்பத் தூக்கி ஆத்துல போட்டுருவேன்" என்பார். அவர் அதிகம் பேசாத மனிதர், சொன்னால் செய்கிறவர். நானும் தலையை ஆட்டுவேன். அவர் மலைக்கு வேலைக்குப் போன பிறகு லெச்சுமி அக்காவின் ரேடியோவுக்கு எதிரே டேப்பை வைத்து, பாட்டுக்கு மேல் பாட்டாகப் பிடிப்பேன். அறிவிப்பாளர் பேசி முடிக்கும் நொடிக்கும் பாட்டுத் தொடங்கும் நொடிக்கும் நடுவில் பட்டனை அமுக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கொரு கர்வம் இருந்தது. பேட்டரி இறங்கினால் அடுப்போரத்தில் சாம்பல் மேல் வரிசையாக நிறுத்திச் சூடு காட்டுவோம். எங்கள் லயத்தில் எல்லோரும் டோர்ச் பேட்டரிக்குச் செய்கிற வைத்தியம்தான். செத்த பேட்டரி எழுந்து உட்காரும். எவ்வளவு நேரத்துக்கு என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அந்த வருசம் பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு புதன்கிழமை நாள் முழுக்கப் பாட்டுப் பிடித்தேன். பிடித்ததைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். மாலையில் பாட்டு இழுக்கத் தொடங்கியது; பாடகிக்கு ஆண் குரல் வந்தது. அப்படியே மூடி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி பெட்டியில் வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் தோட்டத்து ஆபீஸிலிருந்து ஆள் வந்து தந்தி கொடுத்தார். மாமா இறந்துபோயிருந்தார். தந்தி வரும்போதே அவரை அடக்கம் செய்து ஒரு நாள் ஆகியிருந்தது.

அம்மா மலையிலிருந்து கூடையோடு ஓடிவந்தார். இஸ்தோப்பில் விழுந்து புரண்டார். கேதம் கேட்க வந்தவர்களிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான். "கூடப் பொறந்தவ நான் ஒருத்தி இருந்தும் எங்கண்ணன் அழ ஆளில்லாமப் போயிட்டாரே." எங்களில் ஒருவர் செத்தால் உடன்பிறந்தவள் தலைமாட்டில் நின்று ஒப்பாரி சொல்லி அழ வேண்டும். அவள் அழாத பிணம் அநாதைப் பிணம் என்று அம்மா நம்பினார். நடுவில் கடல் இருந்ததும், கையில் பாஸ்போட் இல்லாததும் அவருக்கு ஒரு சமாதானமாகப் படவில்லை.

வெள்ளிக்கிழமை துக்கம் கேட்க வந்தவர்களில் மேல் டிவிசன் முத்தையா அண்ணனும் ஒருவர். அவர் குடும்பத்துக்கும் இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் கடுதாசி வந்திருந்தது. திங்கட்கிழமை கோச்சி ஏறுகிறார்கள். போகிற இடமும் கோத்தகிரிப் பக்கம்தான். அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

"ஏந் தங்கச்சி, ஒங்ககிட்ட டேப்பு இருக்குல்ல? நீங்க அழறத அதுல புடிச்சுக் குடுங்க. கருமாதிக்குள்ள நான் கொண்டு போய்ச் சேத்துப்புடுறேன். அண்ணன் படத்துக்கு முன்னால போடட்டும்."

அம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். தந்தி வந்த பிறகு அவர் யாரையும் கண்ணெடுத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "முடியுமாடி?" என்று கேட்டார். "முடியும்மா" என்றேன்.

வெள்ளி போயிற்று, சனி போயிற்று. நோர்வூட்டில் கடை திறந்துதான் இருந்தது. பேட்டரி இறங்கிப்போச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா மழையிலும் நடந்துபோய் வாங்கி வந்திருப்பார். ஒரு அறை விழுந்திருக்கும், டேப் ஆற்றுக்குப் போயிருக்கவும் கூடும். அந்த அறைக்கும் ஆற்றுக்கும் பயந்து நான் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் பார்க்காத நேரம் நான்கு பேட்டரியையும் சாம்பல் மேல் நிறுத்தி, கை சுடும் வரை காய வைத்தேன். போட்டுப் பார்த்தேன். சக்கரம் நன்றாகச் சுற்றியது. என் மனதிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது போல இருந்தது.

மத்தியானம் அம்மா டேப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். ஆனால் அழுகை வரவில்லை. "பொட்டியப் பாத்து எப்புடிடி அழுவேன்?" என்றார். லெச்சுமி அக்கா உடனே எழுந்து, மாமாவின் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி டேப்பின் மேல் சாய்த்து வைத்தார். நான்கைந்து பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து தோளில் கை போட்டார்கள். நான் பட்டன்களை அமுக்கினேன். அம்மா போட்டோவைப் பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு தொடங்கினார்.

"கண்டிச் சீமையில கைபுடிச்சு நடந்தோமே,
கப்பலேறிப் போனீங்களே, கடசி மொகம் காணலையே..."

எனக்குத் தெரிந்த அம்மாவின் குரல் இல்லை அது. கொழுந்து மலையில் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குக் கூப்பிடும் குரலும் இல்லை. அடிவயிற்றிலிருந்து எழுந்து, மேலே போய் ஒரு இடத்தில் நின்று, உடைந்து இறங்கியது. சின்ன வயதில் தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மாமா ஆற்றைக் கடந்ததைப் பாடினார். தன் கல்யாணத்துக்கு அவர் கடன் சொல்லிச் சேலை எடுத்து வந்ததைப் பாடினார். கோச்சி ஜன்னலில் அவர் கடைசியாக நீட்டிய கையைப் பாடினார். சுற்றி இருந்தவர்கள் கோரசாக இழுத்தார்கள். கூரைக்குக் கீழே நின்ற அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். ஆனால் ஒரு கண் மட்டும் கசட்டின் சின்ன ஜன்னலில் இருந்தது. சக்கரம் தளர்வது எனக்குத் தெரிந்தது. வரவர மெதுவாகச் சுற்றியது. நிறுத்தவும் முடியாது, சொல்லவும் முடியாது. அப்படி அழுகிறவரை எந்த வாயால் நிறுத்தச் சொல்வது?

முடிந்ததும் அம்மாவிடம் "போட்டுக் காட்டவாம்மா?" என்று கேட்டேன். "அழுதத எதுக்குடி திரும்பக் கேக்கணும்" என்று எழுந்துபோனார். நான் மட்டும் கடைசிப் பகுதியைச் சற்றுத் திருப்பி, காதோரம் வைத்துப் போட்டுப் பார்த்தேன். குரல் சரியாகத்தான் இருந்தது. கசட்டின் முதுகில் இருக்கிற இரண்டு சின்னப் பல்லையும் உடைத்தேன். அதை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறொன்றும் பிடிக்க முடியாது. துணியில் சுற்றி முத்தையா அண்ணனிடம் கொடுத்தோம்.

என் முட்டாள்தனம் எனக்குப் புரிய ஒன்றரை மாதம் ஆயிற்று. செத்த பேட்டரியில் மெதுவாக ஓடிப் பிடித்த குரலை, அதே செத்த பேட்டரியில் மெதுவாக ஓட்டிக் கேட்டால் சரியாகத்தான் கேட்கும். கரண்டில் சரியான வேகத்தில் ஓடுகிற டேப்பில் போட்டால்?

அத்தை சொல்லச் சொல்ல அவர் மகன் எழுதிய கடுதாசி ஒரு சாயந்தரம் வந்தது. லயத்துக்கு வருகிற கடுதாசிகளை வாசித்துக் கொடுப்பது நான்தான் என்பதால், அம்மா அதை என்னிடம்தான் கொடுத்தார். நான் முதலில் கண்ணால் ஓட்டினேன். கசட் நேரத்துக்கு வந்து சேர்ந்ததாம். கருமாதியன்று எல்லோரும் உட்கார்ந்து, மாமாவின் படத்துக்கு முன்னால் போட்டார்களாம். தொடக்கம் நன்றாக இருந்ததாம். போகப் போகக் குரல் கீச்சுக்கீச்சென்று ஆகி, அவசரம் அவசரமாக ஓடியதாம். முதலில் பிள்ளைகள் சிரித்தார்களாம், பிறகு பெரியவர்களுக்கும் அடக்க முடியவில்லையாம். பாதியிலேயே நிறுத்திவிட்டார்களாம். "மனசுக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சு, பாக்கியத்துக்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்று எழுதியிருந்தது.

அம்மா எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசித்தேன்.

"கசட் கெடச்சுச்சாம்மா. கருமாதிக்குப் போட்டாங்களாம். கேட்ட சனம் பூரா அழுதுச்சாம். தங்கச்சி தலமாட்டுல நின்னு அழுத மாதிரியே இருந்துச்சுன்னு அத்த சொல்றாங்க."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொரு தடவ வாசி" என்றார். எழுதாத வரிகளை அதே வார்த்தையில் இரண்டாம் தடவை வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 'பூரா' என்றேனா, 'எல்லாம்' என்றேனா என்று தடுமாறினேன். அம்மா கடுதாசியை வாங்கி மடித்து டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்தார்.

அதற்குப் பிறகு அம்மா டேப்புக்கு முன்னால் உட்காரவில்லை. பேச மாமா இல்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். நான் பாட்டுப் பிடிப்பதை நிறுத்தினேனா? ஒரு மாதம் நிறுத்தினேன். பிறகு மறுபடியும் தொடங்கிவிட்டேன். ஹட்டனில் படித்தபோதும், ஆசிரியையாகி டயகமப் பக்கம் போனபோதும், கல்யாணமான பிறகும், சம்பளத்தில் முதலில் வாங்குவது பேட்டரியாகவே இருந்தது. அதற்குப் பிறகு என் டேப்பில் இறங்கிய பேட்டரி ஒரு நாளும் இருந்ததில்லை.

இருபது வருசத்துக்கும் மேலே போன பிறகு ஒரு நாள், அம்மாவும் நானும் வெற்றிலைக்குப் பாக்கு நறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. புதன்கிழமைப் பாட்டு, சாம்பல், கடுதாசி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு அழுதேன். அம்மா பாக்குவெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும்டி" என்றார்.

"எப்புடிம்மா?"

"கடுதாசிய ஒரு ஆள்கிட்ட மட்டும் வாசிக்கக் குடுத்து நிறுத்துவாங்களா? கெட்ட சேதின்னா வாசிக்கறவங்க மறைச்சுப்புடுவாங்கல்ல. மறுநா லெச்சுமிகிட்டக் குடுத்து வாசிக்கச் சொன்னேன், அவளுக்கும் எழுத்துத் தெரியும்ல."

எழுத்துத் தெரியாத எங்கள் லயத்து மனிதர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்து வந்திருக்கிறார்கள். ஊருக்கே கடுதாசி வாசித்துக் கொடுத்த எனக்குத்தான் அது தெரியாமல் இருந்திருக்கிறது. "ஏம்மா என்னய ஒரு வார்த்த கேக்கல?" என்றேன்.

"என்னத்தக் கேக்கறது? சிரிச்சாங்க, சிரிக்கட்டும். எங்கண்ணன் இருந்திருந்தா அவருதான் மொத ஆளாச் சிரிச்சிருப்பாரு." பாக்கை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "ரெண்டு கடுதாசியும் கேட்டேன். ஒன்னோடது நல்லாருந்துச்சு."

அந்தக் கசட் இப்போது இல்லை. உடைந்த பல்லின் மேல் காகிதத்தை ஒட்டி அதில் பாட்டுப் பிடித்துவிட்டதாக மாமா மகன் சொன்னார். எங்கள் லயமும் இல்லை. அந்த இடத்தில் வரிசையாகத் தனி வீடுகள் நிற்கின்றன. தப்படித்துப் பெரட்டுக்கு எழுப்புவதும் இல்லை. அழுகைக் கோச்சி ஓடிய காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் தோட்டத்தில் எண்ணி நாலைந்து பேர். என் ஹட்டன் வீட்டு அலுமாரியில் முந்நூறுக்குக் குறையாத கசட் இருக்கிறது. மழை இருக்கிறது, தப்பு இருக்கிறது, லெச்சுமி அக்காவின் திட்டு இருக்கிறது. அம்மாவின் ஒப்பாரி மட்டும் இல்லை. திரும்பப் பாடிக் காட்டுங்கள் என்று அவரிடம் கேட்கிற தைரியம் எனக்குக் கடைசி வரை வரவில்லை.

போன வருசம் அம்மா இறந்தார். துக்க வீட்டுக்கு இப்போது பந்தலோடு சேர்த்து ஸ்பீக்கரும் வந்துவிடுகிறது. அதில் யாரோ ஒரு பெண், எந்த ஊர்க்காரியோ, அம்மா பெற்ற மகள் மாதிரி ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தாள். சரியான வேகத்தில், ஒரு பிசிறு இல்லாமல், தெளிவாகக் கேட்டது. வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய் அதை நிறுத்தச் சொன்னேன். பந்தலில் சத்தம் அடங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவின் தலைமாட்டில் போய் நின்று வாயைத் திறந்தேன். நாற்பது வருசமாக ஊர்க் குரலையெல்லாம் பிடித்து வைத்த எனக்கு, என் அம்மாவுக்கு அழ ஒரு வரிகூடத் தெரிந்திருக்கவில்லை.